ஸ்டோருக்குப் பின்னால் கிடக்கும் பாடம்

எங்கள் தோட்டத்து ஸ்டோருக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கிறது. பதுளையிலிருந்து பசறைப் பாதையில் போகும் பஸ்ஸில் ஏறி, எங்கள் சந்தியில் இறங்கி, மேலே கால் மணித்தியாலம் நடந்தால் ஸ்டோரின் தகரக்கூரை தெரியும். அந்தக் கூரையைப் பார்க்காதவர்கள் இல்லை. பள்ளத்தைப் பார்த்தவர்கள்தான் குறைவு. டிரையர் அடுப்பிலிருந்து அள்ளிக் கொட்டிய சாம்பல், சல்லடையில் தேங்கிய நாரும் பஞ்சும், கிழிந்த சாக்கு, அறுந்துபோன பெல்ட், எரிந்துபோன மோட்டர் என்று அங்கே கிடக்காத பொருள் இல்லை. பெருமழை பெய்தால் அதில் பாதி ஓடையில் இறங்கிவிடும். எங்கள் ஓடை பதுளு ஓயாவில் விழுகிறது. பதுளு ஓயா மகாவலியில் போய்ச் சேருகிறது.

அந்த ஸ்டோரின் சல்லடை அறையில் நான் 19 ஆண்டுகள் வேலை செய்தேன். தினமும் அந்தப் பள்ளத்தைக் கடந்துதான் லயத்துக்கு வருவேன். குப்பை என்ற எண்ணத்தைத் தவிர வேறு எண்ணம் எனக்கு வந்ததேயில்லை. அதே பள்ளத்தில் கிடந்த ஒரு பொருளைக் காட்டி, அது குப்பையல்ல என்று எனக்குச் சொல்லித் தந்தவள் என் அக்கா மகள். சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையாத பிள்ளை. அவள் படித்த படிப்பைப் பற்றியும், நம் பெண்பிள்ளைகளுக்கு இன்னும் கிடைக்காத படிப்பைப் பற்றியும் சகோதரிகளோடு பேசவே இதை எழுதுகிறேன்.

பாட்டி அறிந்த பொருளாதாரம்

"சுழற்சிப் பொருளாதாரம்" என்ற சொல்லை இப்போது கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறோம். பெரிய சொல்லாக இருந்தாலும் பொருள் எளிமையானதுதான். மண்ணிலிருந்து எடுத்து, பொருளாகச் செய்து, பாவித்து, வீசிவிடுவது ஒரு வழி. வீசுவதற்குப் பதிலாகப் பழுதுபார்த்து, மறுபடி பாவித்து, இனி முடியாது என்றபோது மண்ணுக்கோ ஆலைக்கோ திருப்பிக் கொடுப்பது இன்னொரு வழி. இந்த இரண்டாவது வழியில் தொழிற்சாலைகளை நடத்துவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

இதைக் கேட்டால் என் பாட்டி சிரித்திருப்பார். கோதுமை மா வந்த சாக்கை வெளுத்து எங்களுக்குச் சட்டை தைத்தவர் அவர். கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து மிலாறு சுமந்து வந்துதான் அடுப்பு எரித்தார். தேயிலை பலகைப் பெட்டியில் கப்பலேறிய காலத்தில், உடைந்த பெட்டி ஒன்று கிடைத்துவிட்டால் லயத்தில் அது பெரிய சொத்து. எங்கள் காம்பராவில் ஒரு பெட்டி அரிசிப் பெட்டியாக இருந்தது. இன்னொன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் வைத்துத்தான் நாங்கள் பாடம் எழுதினோம். பிறகு பெட்டி போய்க் கடதாசிச் சாக்கு வந்தது. அதன் உள்ளே அலுமினியத் தாள் ஒட்டியிருப்பதால் அது மக்குவதும் இல்லை, எளிதில் மறுசுழற்சிக்குப் போவதும் இல்லை.

நாம் பழைய காலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பாட்டி செய்தது வறுமையால் செய்தது. அவருடைய சிக்கனம் ஒரு வீட்டுக்குப் போதும், ஒரு தொழிற்சாலைக்குப் போதாது. அங்கே அளவு தெரிய வேண்டும், சூடு தெரிய வேண்டும், மின்சாரமும் மண்ணின் தன்மையும் தெரிய வேண்டும். அதாவது, படிக்க வேண்டும்.

ஒரு கிலோ தேயிலைக்குப் பின்னால்

ஒரு கிலோ தேயிலைத் தூள் செய்ய ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். நாம் முதுகில் சுமந்து வந்து நிறுத்துக் கொடுத்த எடையில் பெரும் பகுதி தண்ணீர்தான். அந்தத் தண்ணீரை வாட்டியும் காயவைத்தும் வெளியேற்றுவதுதான் ஸ்டோரின் பெரிய வேலை. அதற்குச் சூடு வேண்டும், சூட்டுக்கு விறகு வேண்டும்.

ஈர விறகைப் போட்டால் அதன் சூட்டில் நல்ல பங்கு அந்த விறகிலுள்ள தண்ணீரை விரட்டவே செலவாகிவிடும். அதே விறகைப் பிளந்து, கூரைக்குக் கீழே காற்றோட்டமாக அடுக்கிச் சில மாதம் உலரவிட்டால் குறைந்த விறகில் அதே வேலை நடக்கும். இது அடுப்பூதும் ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரிந்த விஷயம். ஆனால் எத்தனை வீதம் ஈரம் இருக்கிறது என்று கருவி வைத்துப் பார்த்து, கணக்கு எழுதி, விறகுச் செலவைக் குறைத்துக் காட்டுபவருக்குத்தான் ஸ்டோரில் உத்தியோகம் இருக்கிறது.

கிளிரிசிடியா என்னும் சீமைக்கிளுவையை 2005இல் அரசாங்கம் நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது. அதன் கிளை விறகாகிறது, இலை பசளையாகிறது, வெட்டிய மரம் மறுபடி துளிர்க்கிறது. வேலியில் நட்டு வைத்திருக்கும் அந்த மரமே சுழற்சிக்கு நல்ல உதாரணம்.

அடுத்தது கழிவுத் தேயிலை. சல்லடை அறையில் குச்சியையும் நாரையும் பஞ்சையும் பிரித்தெடுப்பதுதான் என் வேலையாக இருந்தது. தேயிலைக்கான ஐ.எஸ்.ஓ. 3720 என்ற சர்வதேசத் தரத்தின்படி தூளில் நார் 16.5 வீதத்தைத் தாண்டக்கூடாது. அதற்காகத்தான் இப்படிச் சலித்து எடுக்கிறோம் என்பது வேலையை விட்ட பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. 19 ஆண்டுகளில் ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்படி ஒதுக்கிய கழிவிலும் பயன் உண்டு. அதிலிருந்து கபேன் பிரித்தெடுக்கிறார்கள், உடனடித் தேநீர்த் தூள் செய்கிறார்கள், நல்ல கூட்டுப்பசளையும் செய்யலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. கழிவுத் தேயிலையை நினைத்தபடி வாங்கவோ விற்கவோ கூடாது. இலங்கை தேயிலைச் சபையின் அனுமதி வேண்டும். கழிவைத் திருட்டுத்தனமாக வாங்கி நல்ல தூளோடு கலந்து விற்பவர்கள் பிடிபடும் செய்திகள் அவ்வப்போது வருகின்றன. வாசலில் மலிவாகத் தூள் விற்க வருபவரிடம் வாங்காதீர்கள். பசளைக்காக எடுப்பதென்றாலும் தோட்ட நிர்வாகத்தின் மூலம், முறையான அனுமதியோடுதான் எடுக்க வேண்டும்.

2021 கற்பித்தது

2021 ஏப்ரல் மாத இறுதியில், இரசாயன உர இறக்குமதியை நிறுத்தப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. ஒரே நாளில் எல்லோருடைய வாயிலும் கூட்டுப்பசளை என்ற சொல்தான். எங்கள் மாதர் சங்கத்தையும் கேட்டார்கள். கூலிக்குக் கூலி, மண்ணுக்கு மண் என்று நாங்களும் உற்சாகமாக இறங்கினோம்.

பொருளுக்குப் பஞ்சமில்லை. அனுமதி பெற்றுச் சல்லடைக் கழிவைக் கொண்டு வந்து குவித்தோம். "சாம்பல் செடிக்கு நல்லதுதானே, அதையும் போடுங்க" என்று நான்தான் சொன்னேன். கூடை கூடையாகச் சாம்பல் போட்டோம். இரண்டு வாரத்தில் குவியலிலிருந்து மூக்கைத் துளைக்கும் நாற்றம். மேலே காய்ந்திருந்தது, உள்ளே களியாகக் கட்டியிருந்தது. பொறுமையில்லாமல் அதையே எடுத்து இளந்தேயிலைத் துண்டு ஒன்றில் போட்டோம். செடிகள் மஞ்சளாகின. கங்காணி ஒன்றும் பேசவில்லை. அந்தச் செடிகளை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அதுவே எங்களுக்குப் பெரிய ஏச்சாக இருந்தது.

ஓய்வுபெற்ற வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவர் எங்கள் தவறை விளக்கினார். கழிவுத் தேயிலையில் நைதரசன் அதிகம். அது மக்குவதற்குக் காபன் நிறைந்த காய்ந்த பொருள் வேண்டும். காபன் 30 பங்குக்கு நைதரசன் ஒரு பங்கு என்பது பொதுக் கணக்கு. மானாப்புல், குவாத்தமாலாப் புல், மரத்தூள் போன்றவற்றை நறுக்கிக் கலந்திருக்க வேண்டும். பஞ்சு மாதிரியான கழிவு தனியாகக் கிடந்தால் அமுங்கிக் காற்றில்லாமல் அழுகிவிடும். அதில் சாம்பலும் சேர்ந்தால் நைதரசன் அமோனியாவாக வெளியே போய்விடும். நாங்கள் மோந்த நாற்றம் அதுதான். பசளையின் சத்தே காற்றில் போய்க்கொண்டிருந்தது.

இன்னொன்றும் சொன்னார். தேயிலைக்குப் புளிப்புத் தன்மையுள்ள மண் வேண்டும். பி.எச். அளவு 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருக்க வேண்டும். சாம்பல் அந்தப் புளிப்பை முறித்துவிடும். மரக்கறித் தோட்டத்துக்கு அளவோடு போட்டால் நன்மை செய்யும் அதே சாம்பல், தேயிலைக்குக் கெடுதல் செய்யும்.

அடுத்த குவியலை முறையாகப் போட்டோம். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்துப் பிழிய வேண்டும். ஒன்றிரண்டு துளி வந்தால் சரி, ஒழுகினால் கூடுதல். நடுவில் ஓர் இரும்புக் கம்பியைச் செருகி, பத்து நிமிடம் கழித்து இழுத்துத் தொட்டால் கை பொறுக்காத சூடு இருக்க வேண்டும். நல்ல குவியலின் நடுவில் 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரை சூடேறும். அந்தச் சூட்டில் களை விதையும் நோய்க்கிருமியும் அழியும். சூடு தணியும்போது புரட்டிப்போட வேண்டும். மூன்று மாதமளவில் எங்களுக்கு மண்வாசனையோடு கறுப்புப் பசளை கிடைத்தது.

ஆனால் நாடு அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. அந்த ஆண்டு நவம்பரிலேயே தடை கைவிடப்பட்டது. 2021இல் ஏறக்குறைய 299 மில்லியன் கிலோவாக இருந்த இலங்கையின் தேயிலை உற்பத்தி, 2022இல் 251 மில்லியன் கிலோ அளவுக்கு விழுந்தது. கால் நூற்றாண்டில் காணாத வீழ்ச்சி அது. எங்கள் தோட்டத்தில் கொழுந்து குறைந்து, வேலை நாளும் குறைந்தது. அதை முதலில் உணர்ந்தது நம் அடுப்படிதான்.

கூட்டுப்பசளை கெட்டது என்று சிலர் இப்போது சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். கழிவு இருந்தது, கை இருந்தது, மனமும் இருந்தது. பயிற்சிதான் இருக்கவில்லை. கற்றுக்கொடுக்க ஆண்டுகள் வேண்டிய ஒன்றை மாதங்களில் செய்யச் சொன்னதுதான் பிழை.

"பொம்பிளைப் பிள்ளைக்குத் தையல் போதுமே"

அந்தப் பஞ்ச காலத்தில்தான் என் அக்கா மகளைக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பலாமா என்று பேச்சு வந்தது. மச்சானுக்கு விருப்பமில்லை, ஆனால் கடன் இருந்தது. நான் குறுக்கே நின்றேன். "ஒரு வருசம் பொறுங்க. பிள்ளை ஒரு கைத்தொழில் படிக்கட்டும்" என்றேன்.

அவளுக்கு மின்சார வேலையில் ஆசை. லயத்து வயரிங் கோளாறு என்றால் தகப்பனுக்கு முன்னால் போய் நிற்பாள். ஒரு பயிற்சி நிலையத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். விண்ணப்பப் படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தது. தமிழில் கேட்டோம், முடிந்துவிட்டது என்றார்கள். பாடநெறியின் பெயரைச் சொன்னதும் அங்கிருந்தவர் சிரித்தார். "பொம்பிளைப் பிள்ளைக்குத் தையல் போதுமே" என்று ஒரு கடதாசியைத் தள்ளினார். பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள். பஸ்ஸில் திரும்பும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

தையலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆடைத் தொழிற்சாலையில் வெட்டி வீசும் துண்டுத் துணியில் கால்மிதியும் பையும் தைத்துக் குடும்பம் நடத்தும் பெண்களை எனக்குத் தெரியும். அதுவும் சுழற்சிதான். ஆனால் தோட்டப் பெண் என்றாலே தையல், கேக் ஐசிங், மணப்பெண் அலங்காரம் என்று வாசலை மூன்றாகச் சுருக்கிவிடுகிறார்களே, அதுதான் வருத்தம். நம் பக்கத்திலேயே இருக்கும் தொழிற்சாலை தேயிலை ஸ்டோர். அதன் இயந்திரத்தைக் கற்க நம் பிள்ளைக்கு இடமில்லையா?

1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் பின் தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. இதை ஒரு பட்டதாரித் தம்பி எழுதித் தர, கடிதத்தோடு இரண்டாம் முறை போனோம். இந்த முறை வேறொரு உத்தியோகத்தர் இருந்தார். பொறுமையாகக் கேட்டார், படிவத்தைத் தானே நிரப்ப உதவினார். ஒரே வாசலில்தான் இரண்டு விதமான மனிதரும் இருக்கிறார்கள். முதல் தடவை கிடைத்த பதிலோடு வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த இரண்டாவது மனிதரைக் கண்டிருக்க மாட்டோம்.

வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். சிங்களத்தில் நடந்த பாடத்தை இரவில் தமிழில் எழுதி எழுதிப் படித்தாள். பயிற்சி முடிந்து வந்த பிறகு ஒரு நாள் ஸ்டோர் பள்ளத்தருகே நின்று, "சின்னம்மா, இது செத்த மோட்டர் இல்ல. உள்ள சுருள்தான் கருகியிருக்கு" என்றாள். கொழுந்து வாட்டும் தொட்டிக்குக் காற்றடிக்கும் மோட்டர் அது. இரும்புக்காரருக்கு எடைக்குப் போடுவதற்காகக் கிடந்தது.

டீமேக்கர் ஐயாவிடம் அனுமதி கேட்டு அதைப் பிரித்தாள். கருகிய சுருளை அப்படியே வெட்டி எறியவில்லை. எத்தனை சுற்று, எந்தத் தடிப்புக் கம்பி, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஒவ்வொன்றாக எண்ணிக் கொப்பியில் எழுதினாள். புதுச் செம்புக் கம்பி சுற்றி, காப்புத் தாள் செருகி, வார்னிஷ் ஊற்றி, காயவைத்தாள். "சுற்றுக் கணக்கு பிசகினா மோட்டர் ஓடும், ஆனா கரண்டை அதிகமாக் குடிக்கும், சூடாகி மறுபடி எரியும்" என்று எனக்குச் சொன்னாள். கணிதத்தில் சித்தியடையாத பிள்ளை ஒரு சுற்றுக்கூடப் பிசகாமல் எண்ணினாள்.

அந்த மோட்டர் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய செம்பு தனியாக எடைக்குப் போனது. புது மோட்டர் வாங்கும் செலவு மிச்சமானது.

திருப்பூரிலிருந்து ஒரு செய்தி

இது நம் மலைக்கு மட்டும் உரிய கதையல்ல. தமிழ்நாட்டில் திருப்பூர், பனியன் துணிக்குப் பேர்போன ஊர். அங்குள்ள சாய ஆலைகளின் கழிவுநீரால் நொய்யல் ஆறு கெட்டது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆலைகளை மூட உத்தரவிட்டது. பிறகு, ஒரு துளி கழிவுநீரையும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும் முறையோடுதான் ஆலைகள் திறக்கப்பட்டன. சாயநீரிலிருந்து எடுத்த நீரும் உப்பும் மறுபடி சாயம் தோய்க்கவே போகின்றன. அந்த நிலையங்களில் நீரைச் சோதிக்கவும் இயந்திரத்தைக் கவனிக்கவும் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். பழைய ஆலையில் இல்லாத வேலைகள் அவை. கழிவைத் திருப்பி எடுக்கும் இடத்தில் புதிய வேலைகள் பிறக்கின்றன. அந்த வேலைகள் படித்தவருக்கே போகின்றன.

எங்கே கற்கலாம்?

சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளைக்கு வழி மூடிவிட்டது என்று எண்ண வேண்டாம். 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தின் தொழிற்பிரிவு, அத்தகைய பிள்ளைகளும் பாடசாலையிலேயே தொடர்ந்து தொழில் பயில வகுக்கப்பட்டது. உங்கள் பகுதியில் எந்தப் பாடசாலையில் அது நடக்கிறது என்று அதிபரிடம் கேளுங்கள்.

தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ், அதாவது என்.வி.கியூ., ஏழு மட்டங்களைக் கொண்டது. அடிமட்டத்தில் தொடங்கி, டிப்ளோமா கடந்து, பட்டம் வரை ஏறலாம். பதுளையில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. தொழிற்பயிற்சி நிலையங்கள், பாடநெறிகள் பற்றிய விபரத்தை உங்கள் பிரதேச செயலகத்திலுள்ள மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கேட்கலாம். உயர்தரத்தில் நன்றாகச் செய்யும் பிள்ளைகளுக்கு, 2005இல் பதுளையில் அமைந்த ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கே தனிப் பட்டப்படிப்பு உண்டு. மண், பசளை பற்றிய சந்தேகங்களுக்குத் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் ஊவாப் பிராந்திய நிலையம் பசறையில் இருக்கிறது.

இன்னொரு வழி நம்மைப் போன்ற மூத்த பெண்களுக்கானது. வகுப்புக்குப் போகாமல் வேலையிலேயே கற்ற திறமையைச் சோதித்துப் பார்த்து, அதற்குச் சான்றிதழ் தரும் முறை என்.வி.கியூ.வில் உண்டு. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று அதைச் சொல்கிறார்கள். செய்து காட்ட வேண்டும், அனுபவத்துக்கு அத்தாட்சி காட்ட வேண்டும். எந்தெந்தத் தொழிலுக்கு அந்தச் சோதனை நடக்கிறது என்று விசாரித்துப் போங்கள். கையில் தொழில் இருந்தும் கடதாசி இல்லாததால் "சும்மா லேபர்" என்று எழுதப்பட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்!

தாய்மாருக்கு ஒரு வார்த்தை

என் அக்கா மகளுக்கு எல்லாம் கைகூடிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். இன்னும் இல்லை. ஸ்டோரில் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. மோட்டர் எரிந்தால் கூப்பிடுகிறார்கள், வேலைக்கு வேலை காசு தருகிறார்கள். பக்கத்துத் தோட்டத்திலிருந்தும் இரண்டு முறை ஆள் வந்தது. மச்சான் இப்போது அவளுடைய கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடப் போகிறார். கொழும்புப் பேச்சு வீட்டில் எழுவதில்லை.

பள்ளமும் இன்னும் அங்கேதான் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் தோட்டங்களுக்குச் சேவை செய்யத் தடையாக இருந்த பகுதி 2018இல் திருத்தப்பட்டது. ஆகவே லயத்துக் குப்பையை அகற்றும்படி பிரதேச சபையிடம் கேட்க நமக்கு வழி இருக்கிறது. ஆனால் அள்ளிக்கொண்டு போய் இன்னொரு பள்ளத்தில் கொட்டுவது தீர்வாகாது. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில், கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 32 பேர் மாண்டதை நாம் மறக்கக்கூடாது. தரம் பிரிக்கவும், திருத்தவும், மக்கவைக்கவும் தெரிந்த கைகள் நம் தோட்டத்திலேயே வேண்டும்.

சகோதரிகளே, அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் மூன்று விஷயங்களைக் கேட்டுத் தீர்மானம் எழுதுங்கள். பயிற்சிப் படிவமும் பாடமும் தமிழில் வேண்டும். மின்சாரம், ஒட்டுவேலை, டிரையர் அடுப்புப் பராமரிப்பு ஆகிய வகுப்புகளில் நம் பெண்பிள்ளைகளுக்கு இடம் வேண்டும். ஸ்டோரில் வேலை செய்யும் பெண்களுக்கு, அவர்கள் செய்யும் வேலை எதற்காக என்று சொல்லித்தரும் ஒரு நாள் வகுப்பாவது வேண்டும்.

அப்படி ஒரு வகுப்பு என் காலத்தில் நடந்திருந்தால் அந்தச் சாம்பலை நான் தேயிலைக்குப் போட்டிருக்க மாட்டேன். எனக்குக் கிடைக்காதது உங்கள் மகளுக்குக் கிடைக்கட்டும். அவள் ஒரு பழைய விசிறியைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தால், "ஏன்டி அதைப் போட்டு உடைக்கிற" என்று ஏசாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று நீங்களும் பாருங்கள்.